கலஹாவிலிருந்து புறப்படும் பை

பேராதனையில் கலஹாச் சந்தி என்றோர் இடம் உண்டு. அங்கே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இன்று உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அந்தப் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்து நின்றதும் கடன் சொல்லித் தேநீர் குடித்ததும் அங்கேதான். ஆனால் அந்தச் சந்திக்குப் பெயர் தந்த கலஹாவுக்குப் போய் வந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்? கலைப்பீட மாணவர்களாகிய நாங்கள் நாள்தோறும் நடந்து திரிந்த அதே வீதிதான் வளாகத்தைக் கடந்து, ஹந்தானை மலைத்தொடரின் மறுபுறமாக வளைந்து வளைந்து ஏறிக் கலஹாவை அடைகிறது. அங்கிருந்து தெல்தோட்டைக்குப் போகிறது. அதற்கும் அப்பால், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் முதன்முதலாக வர்த்தக ரீதியில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இருக்கிறது. இலங்கைத் தேயிலையின் பிறந்த வீடு என்று அந்த மலைகளைச் சொல்லலாம்.

அந்த வீதியால் கொழுந்து இறங்கியதையும் தேயிலைப் பெட்டிகள் இறங்கியதையும் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். அதே வீதியால் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு இறங்கிவரும் பெண்களைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் அரச வைத்தியசாலைகள் உண்டு. எனினும் இன்று இலங்கையில் பெரும்பாலான பிரசவங்கள் மகப்பேற்று நிபுணர்கள் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கின்றன. ஆகவே தலைப்பிரசவக்காரியும், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவளும் பேராதனைக்கோ கண்டிக்கோ கம்பளைக்கோ இறங்கியே ஆகவேண்டும். நான் எழுத வந்தது அவள் கையிலிருக்கும் அந்தப் பையைப் பற்றி.

பிறக்கப்போகும் குழந்தைக்கு என்னென்ன எடுத்துச் செல்லவேண்டும் என்று இணையத்தில் தேடிப்பாருங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் தேடுகிறார்கள். முப்பது நாற்பது பொருள்கள் கொண்ட பட்டியல்கள் வந்து விழும். வீடு திரும்பும்போது அணிவிக்க ஓர் உடுப்பு, படம் பிடிக்க வேறோர் உடுப்பு, வாசனைத் துடைப்புத்தாள், மூன்று வகைக் களிம்பு. அந்தப் பட்டியல்களில் பாதியை எழுதியவர்கள் தாய்மாரல்லர், விற்பனையாளர்கள் என்பது என் கருத்து. அதை நான் குறையாகக் கூடச் சொல்லவில்லை. கடைக்காரன் கடைப்பட்டியலைத்தான் எழுதுவான். சிக்கல் என்னவென்றால், அதே பட்டியலின் மங்கிய பிரதி ஒன்று இன்று கைப்பேசி வழியாக லயத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஏழாம் மாதத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் பெண், தன்னிடம் அவையெல்லாம் இல்லையே என்று வெட்கப்படத் தொடங்கியிருக்கிறாள். கூச்சத்தினால் கடன்பட்டுப் 'பேபி செட்' வாங்கும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் உறைக்குள் சோப்பும் பவுடரும் சீப்பும் பளபளக்கும். குழந்தைக்கு முதல் வாரத்தில் இவற்றில் ஒன்றுமே தேவைப்படாது.

தேவைப்படுவது வெப்பம். கருப்பையின் கதகதப்பிலிருந்து ஈரத்தோடு வெளியே வரும் சிசு, சில நிமிடங்களிலேயே உடல் வெப்பத்தை இழக்கத் தொடங்குகிறது. உடனே துடைத்து உலர்த்தி, தாயின் வெற்றுமார்பில் கிடத்தி, மேலே உலர்ந்த துணியால் போர்த்தித் தலையை மூடவேண்டும். முதல் 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்டவே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாட்டிமாருக்கு இது பிடிப்பதில்லை. பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டாமல் வைப்பதா என்று கேட்பார்கள். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு உடலில் கொழுப்புப் படலம் குறைவு. அது இன்னும் விரைவாகக் குளிர்ந்துபோகும். இலங்கையில் எடை குறைந்த பிறப்புகள் அதிகம் காணப்படுவது தோட்டப்புறங்களில்தான். 2016ஆம் ஆண்டின் குடிசன மற்றும் சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7 சதவீதம். இந்தக் குறை அந்தப் பிள்ளை கருவில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. ஆக, தோட்டத்துத் தாயின் பையில் இருக்கும் இரண்டு தொப்பிகளும் ஒரு தடித்த துணியும் அலங்காரப் பொருள்கள் அல்ல. மருந்துக்கு ஒப்பானவை.

ஆனால் துணியை உலர்த்துவது எப்படி? சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் கலஹாப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். காலையில் மூடிய மூட்டம் மாலைவரை கலையாது. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். லயத்து அறைக்குள் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் உலர்த்துவார்கள். அது உலரும்போது புகை மணமும் ஏறிவிடும். கழுவிய துணியை ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்து, ஈரம் முற்றாகப் போனபின் பொலித்தீன் உறையில் கட்டி வைக்கவேண்டும். தேய்ப்பதற்கு மின்சாரமோ, தேங்காய்ச் சிரட்டைக் கரியோ வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டுத் துணிகள் மாற்றவேண்டியிருக்கும். இதனால்தான் 'பம்பர்ஸ்' வாங்கும் பழக்கத்தைத் தோட்டத்து மக்களின் வீண்செலவு என்று கண்டிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெயிலுள்ள ஊரில் இருந்துகொண்டு சொல்லும் கண்டனம் அது.

பழைய துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வழக்கத்தில் குழந்தைக்கு முதலில் சுற்றுவது பாட்டியின் பழைய சீலையை அல்லது தாத்தாவின் வேட்டியைக் கிழித்த துண்டுதான். பலமுறை துவைத்த பருத்தி மென்மையாக இருக்கும், ஈரத்தை உறிஞ்சும், புதுத்துணியின் கஞ்சியும் சாயமும் அதில் இராது. சுத்தமாகத் துவைத்து உலர்த்தியிருந்தால் கடைத்துணியைவிட அது மேல். சில ஆஸ்பத்திரிகளில் இதைக் கண்டு முகம் சுளிக்கும் தாதியர் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

பழைய துணியோடு சேர்ந்தே வரும் இன்னொரு வழக்கம்தான் தொல்லையானது. பிறக்குமுன் குழந்தைக்கென்று எதுவும் வாங்கக்கூடாது என்பது. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், பேத்தியின் பிரசவத்துக்குக் காத்திருந்த ஒரு முதியவரிடம் பை தயாரா என்று கேட்டேன். "அதெல்லாம் முன்கூட்டியே கட்டி வைக்கப்படாது ஐயா. மொதல்ல புள்ள நல்லபடியா மண்ணுக்கு வரட்டும். கண்ணுபட்டுப் போயிரும்" என்றார். மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் இந்த அச்சம் வெறுங்காற்றிலிருந்து வந்ததன்று. மலேரியாக் கொள்ளைநோய் தாக்கிய 1935இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் ஒரு வயதைக் காணாமலே இறந்தார்கள். நான்கில் ஒன்றுக்கு மேல். வாங்கி வைத்த சட்டையை எடுத்து மறைத்து வைக்கும் துயரத்தை அனுபவித்த பெண்கள்தான், இனி முன்கூட்டி வாங்குவதில்லை என்று தீர்மானித்திருப்பார்கள். இன்று அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவு. இலவச மருத்துவமும், வீடு வீடாக ஏறி இறங்கும் மருத்துவமாதுகளும் சாதித்த காரியம் அது. அச்சத்தின் காரணம் போய்விட்டது, அச்சம் மட்டும் தங்கிவிட்டது. இதற்கு ஒரு மருத்துவமாது கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. "குழந்தைக்கு வாங்கவேண்டாம் பாட்டி, அம்மாவுக்குத் துணி எடுத்து வைப்போம். அதில் நாலு துண்டு கூட இருக்கட்டும்" என்பாராம். பையும் தயாராகிவிடும், பாட்டியும் தோற்றுப்போகமாட்டார்.

பையை யார் அடுக்குவது என்பதும் முக்கியம். மாமியாரோ நாத்தனாரோ அடுக்கிக் கொடுத்தால் எது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குப் போகும் பெண்ணோடு குடும்பத்தார் பெரும்பாலும் வாசலோடு நின்றுவிட வேண்டியதுதான். உள்ளே அவளும் அந்தப் பையும் மட்டுமே. வலியின் உச்சத்தில் இருப்பவளிடம் மிஸ்ஸி வந்து "பபாகே ரெதி" எங்கே என்று கேட்பார். குழந்தையின் துணி என்று பொருள். கலஹாப் பகுதியில் சிங்களம் பேசத் தெரிந்த தமிழ்ப் பெண்கள் நிறையவே உண்டு; அயலவரோடு புழங்கிப் பழகிய மொழி அது. ஆயினும் கடைத்தெருவில் பேசும் மொழி வேறு, நோவின் நடுவில் கேட்டு விளங்கிக்கொள்ளும் மொழி வேறு. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழியாக அரசியலமைப்பில் ஏற்றப்பட்டது 1987இல். பிரசவ அறைக்குள் அது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை அங்கு படுத்து எழும்பிய பெண்களிடம்தான் கேட்கவேண்டும். அதுவரை, குழந்தையின் துணிகளை மாத்திரம் தனியொரு சிறு பையில் கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது நல்லது.

பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவது அடுத்த பிரச்சினை. தோட்டத்தில் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரிவுகள் உண்டு. மேற்கணக்கு லயத்திலிருந்து தார்வீதிக்கு வருவதற்கே கற்கள் பெயர்ந்த பாதையில் நெடுந்தூரம் இறங்கவேண்டும். நள்ளிரவில் ஆட்டோ பேசிப் பேராதனைக்குப் போவதென்றால் ஒரு நாள் சம்பளம் போதாது. அந்த ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாயாக வேண்டும் என்று போராடி, அது 2021இல்தான் கிடைத்தது. 2024இல் 1,350 ரூபாயாயிற்று. எனவே என் பட்டியலில் முதலிடம் தொப்பிக்கும் துணிக்கும் அல்ல, தொடாமல் மடித்துவைத்த ஆட்டோக் காசுக்கே.

இது மிகையல்ல. 2022 மே மாதத்தில், எரிபொருள் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டிருந்த நாட்களில், பதுளை மாவட்டத்தின் ஹல்தும்முல்லையில் பிறந்து இரண்டே நாளான ஒரு சிசு இறந்தது. மஞ்சள் கண்டு, பால் குடிக்காமல் சோர்ந்த பிள்ளையைக் கொண்டுபோவதற்குத் தந்தை பெட்ரோல் தேடி அலைந்த நேரம் பிள்ளையின் உயிரைத் தின்றுவிட்டது. அந்தச் சிறு உடலைப் பரிசோதித்த தியத்தலாவை வைத்தியசாலையின் சட்ட மருத்துவ அதிகாரி, மனம் பொறுக்காமல் அதைப் பகிரங்கமாக எழுதினார். அதைப் படித்த அன்று பத்திரிகைக்காரனாகிய எனக்கு ஒரு வரி எழுத ஓடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பெட்ரோல் இருந்தது, பாதை இருக்கவில்லை. கண்டி மாவட்டமும் மலையகத்தின் மற்ற மாவட்டங்களும் மண்சரிவுகளால் சிதைந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடெங்கும் விரிந்த 1990 அம்புலன்ஸ் சேவை ஒரு பெரும் வரப்பிரசாதம். அந்த இலக்கத்தைப் பையின் மேல் மையால் எழுதியே வைக்கலாம். ஆனாலும் அம்புலன்ஸ் வந்து நிற்கும் இடம்வரை அவள் இறங்கி வந்தாகவேண்டும். மழைக்காலத்தில் நாள் நெருங்கினால், வலிக்குக் காத்திராமல் பாதையோரத்து உறவினர் வீட்டுக்கு முன்கூட்டியே வந்துவிடுவது நல்லது. கிளினிக்கில் இதை ஏழாம் மாதத்திலேயே பேசிவிடவேண்டும்.

இங்கே ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. இந்தப் பையைக் கட்டவேண்டியவள் அவள் மட்டும்தானா?

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே அப்படிச் சொல்லவில்லை. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளைபெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதத்துக்குப் போதிய உணவும் உறைவிடமும் தருவது தோட்டத் துரையின் கடமை என்றது. துரைக்கு இரக்கம் பிறந்து வந்த சட்டமென்று நான் நம்பவில்லை. கூலியாள் செத்துப்போனால் கொழுந்து பறிக்க ஆளிராது என்ற கணக்கும் அதிலிருந்தது. இருந்தாலும் கடமை கடமைதான். 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. மூன்றாவது பிள்ளைக்கும் அதற்குப் பிந்திய பிள்ளைகளுக்கும் விடுமுறையைப் பாதியாக வெட்டியிருந்த அதன் அநீதி, 2018இன் திருத்தச் சட்டத்தால்தான் நீங்கியது. இப்போது எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம். ஆனால் முந்திய ஓராண்டில் 150 நாள் வேலை செய்திருக்கவேண்டும். தோட்டப் பெயர்ப் பதிவில் இல்லாமல், நாட்கூலிக்கு அங்குமிங்கும் பறிக்கும் பெண்கள் கூடிக்கொண்டே போகும் காலமிது. அவர்களுக்கு இந்தச் சட்டம் எட்டாக்கனி.

பின்லாந்து 1938இல் ஏழைத் தாய்மாருக்கு ஒரு பெட்டியைக் கொடுக்கத் தொடங்கியது. 1949 முதல் பணக்காரி, ஏழை என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும். துணிகள், போர்வை, தொப்பி எல்லாம் அதில் இருக்கும். பெட்டியே குழந்தையின் முதல் தொட்டிலாகவும் ஆகும். நிபந்தனை ஒன்றுதான்: கர்ப்பமான நான்கு மாதத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வரவேண்டும். அந்நாட்டின் சிசு மரணங்கள் குறைந்ததற்குப் பெட்டியைவிட அந்த நிபந்தனையே கூடிய காரணம் என்பர். தூரதேசம் என்றால், பக்கத்தில் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். அங்கே 2015இல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். துண்டு, சிறு மெத்தை, கொசுவலை, கிலுகிலுப்பையோடு, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியமும் உண்டு. பெட்டகத்தில் முதலமைச்சரின் படத்தைப் போடாமல் விட்டிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

இலங்கையில் 2015இல் கர்ப்பிணிகளுக்குப் போசாக்குக்காக 20,000 ரூபாய் பெறுமதியான உணவுப் பொருள் உதவி அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் குழந்தை பிறக்கும் நாளுக்கான பை ஒன்று தோட்டங்களுக்குத் தரப்படவேண்டும் என்பதே என் வாதம். எட்டாம் மாதக் கிளினிக்கில் மருத்துவமாது கையால் கொடுக்கலாம். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதியமும் அமைக்கப்பட்டது. கம்பனிகளும் அரசும் சேர்ந்து செலவைப் பகிரலாம். இரண்டு கம்பளித் தொப்பி, ஒரு தடித்த போர்வை, பருத்தித் துண்டுகள், ஒரு துவாய், தாய்க்கு வேண்டிய அணையாடை, ஒரு பிளாஸ்க், ஒரு டோர்ச். பால்மா இருக்கவே கூடாது. கம்பனி விளம்பரமும் கூடாது. இலவசம் கொடுத்தே இந்தச் சனத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று கொழும்பிலிருந்து எனக்கு இரண்டு மூன்று பேர் எழுதுவார்கள், தெரியும். அவர்கள் காலையில் குடிக்கும் தேநீரின் உண்மையான விலையைக் கணக்குப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

எந்தப் பட்டியலிலும் போதிய இடம் பெறாத ஒரு பொருளை நான் கடைசியாக வைத்திருக்கிறேன். அது காகிதம். கிளினிக் அட்டையையும் தேசிய அடையாள அட்டையையும் எல்லோரும் கொண்டுபோவார்கள். கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம் இருக்கிறது. நான் சொல்வது, பெற்றோரின் பெயர்களைப் பிழையின்றி எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை.

மலையக மக்களுக்குக் காகிதம் என்றால் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இந்நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே, பாட்டன் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டது. லயத்து அறையில் மருத்துவிச்சியின் கையில் பிறந்த தலைமுறையிடம் ஏது பத்திரம்? பல லட்சம் பேர் ஒரே நாளில் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் வழி பிறந்தது. ஆகவே குழந்தையின் முதல் காகிதத்தில் எழுத்துப் பிழை வருவதை நான் சாதாரண எழுத்துப் பிழையாகக் கருதுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தாயின் பெயர் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், திருமணப் பத்திரத்தில் வேறு விதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் இருக்கிறது. தமிழில் சொன்ன பெயரைச் சிங்களத்தில் கேட்டு எழுதி, அதை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றும்போது நேர்ந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் அது முதல் தடவை தலைகாட்டியது. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கையில் மறுபடியும். திருத்துவதற்காகத் தகப்பன் இழந்த வேலைநாட்களைக் கூட்டினால் ஒரு மாதச் சம்பளம் தேறும். அந்தக் குமாஸ்தாவில் மட்டும் பழி போட்டுப் பயனில்லை. நெரிசலான மேசையில், பேச்சில் கேட்டதை எழுதுகிறார். எழுத்தில் ஒரு காகிதத்தை நீட்டியிருந்தால் பார்த்து எழுதியிருப்பார்.

எனவே பையின் பக்கவாட்டு உறையில், பொலித்தீனில் சுற்றி, ஒரு தாள் இருக்கட்டும். தாயின் முழுப்பெயர், தகப்பனின் முழுப்பெயர், பிறந்த திகதிகள், பிறந்த இடங்கள், திருமணப் பதிவின் விவரம். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், அடையாள அட்டையில் உள்ளபடியே, ஓர் எழுத்துக்கூட மாறாமல். தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் அரைமணி நேரத்தில் எழுதித் தருவார். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு. நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்து, கோயிலில் கேட்டு, தாய்மாமன் வந்த பிறகுதான் பெயர் வைப்பார்கள் என்பதால், பிள்ளையின் பெயருக்குரிய வரியை மட்டும் வெறுமையாக விட்டுவைக்கலாம்.